புகார் அரங்கும் ஆசான்மார் அறுவரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரியாறு கடலொடு கலக்குமிடத்தில், இற்றை மயிலாடுதுறை மாவட்டத்தில், பூம்புகார் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கரையில் நிற்பவர்க்கு மணலும் அலையும் மீன்படகும், 1973-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடமுமே கண்ணிற்படும். கரிகாலன் பெயரொடும் பட்டினப்பாலை என்னும் பாட்டொடும் பிணைந்த பழைய காவிரிப்பூம்பட்டினம் மண்ணுள்ளும் நீருள்ளும் மறைந்து போயிற்று. நடுவணரசின் தொல்லியல் துறையினர் 1960-களில் அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்றும், வானகிரியில் நீர்த்தேக்கம் ஒன்றும், பல்லவனீச்சுரத்தருகே புத்தப் பள்ளி ஒன்றும் வெளிப்பட்டன. படகுத்துறையில் நின்ற மரக்கம்பத்தை ஆய்ந்து, அது கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்ததென முடிவு கூறினர். புகாரின் பழமை இவ்வாறு மண்வெட்டியாலும் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயின், அவ்வூரின் ஆடலரங்கு அகழ்வில் வெளிப்படவில்லை. மரத்தூணும் பலகையும் துணித்திரையும் கொண்டு அமைந்த அரங்கு ஈராயிரம் ஆண்டு மண்ணுள் நிலைத்திருக்குமா? நிலைத்திராது. எனினும் அவ்வரங்கின் நீளமும் அகலமும் உயரமும், அதன் வாயிலும் திரையும் விளக்கும், அதன்மேல் முழங்கிய இசையின் இலக்கணமும் இன்றுவரை தமிழர் கையில் உள்ளன. அவற்றைக் காத்துத் தந்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. கடல் கொண்ட ஊரின் அரங்கை ஒரு பாட்டுக் கொள்ளாது காத்தது. அப்பாட்டை இன்று தமிழர் எவ்வாறு போற்றுகின்றனர் என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

சிலப்பதிகாரத்தைப் புகழாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. கண்ணகியின் சீற்றம் பேசப்படும், பாண்டியன் உயிர்விட்ட நேர்மை பேசப்படும், பட்டிமன்றம் நிகழும். அரங்கேற்று காதை மட்டும் வகுப்பறையில் விரைந்து கடக்கப்படும். “கடினமான பகுதி, இசை நுட்பம், தேர்வுக்கு வாராது” என்று ஆசிரியர் ஏட்டைத் திருப்பிவிடுவார். இசை பயில்வார்க்கோ அக்காதை இருப்பதே தெரியாது. தமிழ் கற்றவர்க்கு இசை தெரியாமலும், இசை கற்றவர்க்குத் தமிழ் தெரியாமலும் போன நாளில்தான் புகார் அரங்கு மெய்யாகவே மூழ்கியது. கடற்கோளினும் பெரிய கோள் அது.

இதனை விளங்கிக்கொள்ள, அக்காதைக்குள்ளேயே புகுந்து பார்த்தல் வேண்டும்.

புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்தது. கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். பொற்கொல்லரும் தச்சரும் கொல்லரும் குடியிருந்த அப்பகுதியிலேயே, குழலிலும் யாழிலும் ஏழிசையும் பிழையின்றி இசைக்கும் பெரும்பாணர் இருக்கையும் இருந்தது. இசை அரண்மனைக்குள் அடைபட்ட பொருளாக இல்லாமல், கடைத்தெருவுக்கு அண்மையில் குடியிருந்த தொழிலாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

அந்நகரில் மாதவி ஐந்தாம் அகவையில் ஆடல் பயிலத் தொடங்கினாள். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் அரங்கேறினாள். அவ்வரங்கேற்றத்திற்கு அறுவர் ஆசான்மார் துணைநின்றனர். ஆடலாசான், இசையாசிரியன், நூல்வல்ல புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்போர் அவர். ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். அத்தகுதிகளை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும்.

ஆடலாசான் இருவகைக் கூத்தும் பதினோராடலும் அறிந்திருப்பதோடு பாட்டும் கொட்டும் அறிந்திருத்தல் வேண்டும். ஒற்றைக் கையாற் காட்டும் பிண்டியையும் இரு கையாற் காட்டும் பிணையலையும், அழகுக்காகக் காட்டும் எழிற்கையையும் தொழிலுணர்த்தும் தொழிற்கையையும் ஒன்றொடொன்று மயங்காமற் பயிற்றுதல் வேண்டும். ஒற்றைக் கை முப்பத்து மூன்று, இரட்டைக் கை பதினைந்து என உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எண்ணிக் காட்டுவர்.

இசையாசிரியன் யாழும் குழலும் தாளமும் மிடற்றுப் பாடலும் தண்ணுமையும் ஆடலும் அறிந்திருத்தல் வேண்டும். அது மட்டுமா? புலவன் தன் பாட்டில் வைத்த குறிப்பை உணர்ந்து, அக்குறிப்புக் கெடாமல் இசையமைத்தல் வேண்டும்.

புலவனோ தமிழகமெங்கும் அறியத் தமிழை முழுதும் கற்றவனாதல் வேண்டும். அத்தோடு வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகைக் கூத்து நூலையும் அறிந்து, இசையாசிரியன் வகுத்த இசையமைதியை உணர்ந்து, அதற்குப் பொருந்தச் சொல்லை வைத்தல் வேண்டும்.

தண்ணுமையோன் தகுதிதான் கேட்பார் எவரையும் வியப்பில் ஆழ்த்தும். மத்தளம் கொட்டுவோன் ஆடல், பாடல், இசை, பண், தாளம் ஆகியவற்றோடு தமிழும் பழுதற உணர்ந்திருத்தல் வேண்டும் என்கிறார் அடிகள். அவன் ஓசையை எழுப்ப வேண்டுமிடத்து எழுப்பி, அடக்க வேண்டுமிடத்து அடக்கி, பிற கருவிகளின் ஒலியைத் தன் ஒலி விழுங்காதபடி காத்தல் வேண்டும்.

குழலோன் தண்ணுமையோனொடு இயைந்து நின்று, பாட்டின் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக ஒலிக்கும்படி ஊதுதல் வேண்டும். யாழோன் பதினான்கு நரம்பு கொண்ட யாழில் ஏழிசையையும் முறையாக நிறுத்திப் பண்களைப் பிறப்பித்தல் வேண்டும்.

தமிழ்ப் பெருமக்களே! இவ்வறுவரின் தகுதியில் ஊடுருவி நிற்கும் நூல் எது? ஒவ்வொருவனும் தன் கலையை அறிந்தால் மட்டும் போதாது. மற்றையோர் கலையையும் அறிந்திருத்தல் வேண்டும். புலவனுக்கு இசை தெரியும். இசைவாணனுக்குச் சொல்லின் குறிப்புத் தெரியும். கொட்டுவோனுக்குத் தமிழ் தெரியும். இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் ஒரே அரங்கில் ஒரே நேரத்தில் கூடி நின்றன. முத்தமிழ் என்பது மேடையலங்காரச் சொல்லாகிவிட்ட இந்நாளில், அச்சொல்லின் பொருள் என்னவென்று காட்டும் செயல்முறைச் சான்று அரங்கேற்று காதையேயாம்.

இனி, அரங்கைக் காண்போம். குற்றமற்ற நிலத்தைத் தேர்ந்து, மலையில் விளைந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ளதைக் கொணர்ந்து அளவுகோல் செய்தனர். அக்கோலின் நீளம் இருபத்து நான்கு பெருவிரல். அக்கோலால் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கு அமைந்தது. அரங்கின் தளப்பலகைக்கும் மேலே நின்ற உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் உயரம். புகவும் போகவும் இரண்டு வாயில். பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலமெனக் கொண்டால், கோல் இரண்டடியாகும். அவ்வாறாயின் அரங்கு பதினான்கடி அகலமும் பதினாறடி நீளமும் இரண்டடி உயரமும் உடையது; மேற்பலகை எட்டடி உயரத்தில் நின்றது. ஒருத்தி நின்று ஆடவும், கண்ணசைவும் கையசைவும் அவையோர்க்குத் தெளிவாகத் தெரியவும் எத்துணைப் பொருத்தமான அளவு!

தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதவாறு விளக்குகளை நிறுத்தினர். ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்து வந்து கூடும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என மூவகைத் திரை கட்டினர். மேலே ஓவியம் எழுதிய விதானம் விரித்து, முத்துமாலைகளைத் தொங்கவிட்டனர். மேடை ஒளியமைப்பும் திரையமைப்பும் பிறநாட்டார் வந்து கற்பித்தவை என்று எண்ணுவார் இவ்வடிகளை ஒருமுறை படித்தல் நன்று.

வடமொழிப் பரத நூலும் ஆடலரங்கிற்கு அளவு கூறுகிறது என்பார் உளர். கூறுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது கூறும் அறுபத்து நான்கு முழ நீளமும் முப்பத்திரண்டு முழ அகலமும் ஆடுவோரும் காண்போரும் சேர்ந்திருக்கும் மன்றம் முழுமைக்கும் உரிய அளவு. இளங்கோவடிகள் கூறுவது ஆடுமேடைக்கு மட்டும் உரிய அளவு. அளவும் வேறு, அளக்கும் முறையும் வேறு. அரங்கேற்று காதையில் இந்திரன் மகன் சயந்தன் கதையும் உருப்பசி கதையும் கலந்திருப்பதை மறைக்க வேண்டுவதில்லை. அக்கதைகளை ஒருபுறம் ஒதுக்கினாலும் மூங்கிற்கோலும் விரலளவும் எழினியும் விளக்கும் குறைவுபடாமல் நிற்கின்றன. அவை தச்சனும் கூத்தனும் கைப்பழக்கத்தால் அறிந்தவை.

தோற்ற பகையரசனின் வெண்கொற்றக் குடைக்காம்பைக் கொண்டு, கணுதோறும் மணி பதித்துப் பொற்றகடு போர்த்துச் செய்த தலைக்கோலை, நீராட்டி மாலைசூட்டி, யானைமேலும் தேர்மேலும் வைத்து ஊர்வலம் செய்து அரங்கில் நிறுத்தினர். மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி, வலத்தூண் அருகே நின்றாள். ஆடி முதிர்ந்த மூத்த மகளிர் இடத்தூண் அருகே நின்றனர். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும், முழவொடு கூடி ஆமந்திரிகையும் ஒலித்தன. எக்கருவி முன்னே, எக்கருவி பின்னே என்னும் முறைகூட வரையறுக்கப்பட்டிருந்தது. ஆடல் முடிந்தபின் அரசன் பச்சைமாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பரிசளித்தான்.

மாதவி ஆடியவை பதினோராடல் என்பது கடலாடு காதையால் விளங்கும். அல்லியம், கொடுகொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல், துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்பன அவை. இவற்றுள் சில நின்று ஆடுவன. சில வீழ்ந்து ஆடுவன. மரக்கால் கட்டி ஆடுதலும் குடம் எடுத்து ஆடுதலும் இன்றும் சிற்றூர் விழாக்களில் காணப்படுகின்றன. கோவலனும் மாதவியும் பிரிந்த கானல்வரியும் இப்புகார்க் கடற்கரையிலேயே யாழொடு பாடப்பட்டது. அவ்விருவர் பிரிவைத் தூண்டியது ஒரு பாட்டின் பொருளை மற்றவர் வேறாக உணர்ந்தமையே. பாட்டுப் பொருளைப் பிழையாகக் கேட்டால் குடியே கெடும் என்பதை இதனினும் கூர்மையாக எவர் உரைத்தார்?

இனி, இசைக்கு வருவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழ் ஏழிசையின் பெயர்கள். ச, ரி, க, ம, ப, த, நி என்று இன்று பாடப்படுவன இவையே. குரலுக்கு நான்கு, துத்தத்திற்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்திற்கு இரண்டு என மாத்திரை வகுத்து, ஆக இருபத்திரண்டு அலகு என எண்ணினர்.

ஏழிசையையும் நிறுத்தியபின் பண்ணுப்பெயர்த்தல் என்னும் முறையால் ஏழு பாலைகளைப் பிறப்பித்தனர். அஃதாவது, நரம்புகளை மாற்றாமல், தொடங்கும் இசையை மட்டும் மாற்றுதல். குரலைக் குரலாகவே கொண்டால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை. கைக்கிளையிலிருந்து செவ்வழிப்பாலை, உழையிலிருந்து அரும்பாலை, இளியிலிருந்து கோடிப்பாலை, விளரியிலிருந்து விளரிப்பாலை, தாரத்திலிருந்து மேற்செம்பாலை. செம்பாலை இன்றைய வழக்கில் யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அரிகாம்போதியே என்று பின்னர் ஆய்ந்தோர் பலரும் கொள்கின்றனர். அவ்வாறு கொண்டால் படுமலைப்பாலை நடபைரவி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி என ஒழுங்காகப் பொருந்தி வருகின்றன.

இதனை மெய்யென்று காண யாழ் வேண்டுவதில்லை. பள்ளியிற் கிடக்கும் ஆர்மோனியப் பெட்டி ஒன்று போதும். கருங்கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் தொகுதி தொகுதியாக நிற்கக் காணலாம். மூன்று நிற்கும் தொகுதியில் முதற் கருங்கட்டைக்கும் இரண்டாம் கருங்கட்டைக்கும் இடையிலுள்ள வெண்கட்டையைக் குரலாகக் கொண்டு, கருங்கட்டை எதனையும் தொடாமல் வெண்கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திச் சென்றால் செம்பாலை ஒலிக்கும். அடுத்த வெண்கட்டையிலிருந்து தொடங்கினால் படுமலைப்பாலை. இவ்வாறே ஏழு கட்டைகளில் ஏழு பாலையும் ஒலிக்கும். கட்டையை மாற்றவில்லை, தொடங்குமிடத்தை மட்டும் மாற்றினோம், ஏழு வேறு இசையுலகங்கள் பிறந்தன. புகாரில் யாழோன் செய்தது இதுவே. ஒரு மணிநேரத்தில் ஒரு சிறுவனுக்குக் கற்பித்துவிடக்கூடிய இவ்வுண்மையை, பட்டம் பெற்று வெளிவரும் தமிழ் மாணவர் பலர் அறியாமலிருப்பது எத்துணை இரங்கத்தக்கது!

அவ்வளவு சீரிய கலை எவ்வாறு அழிந்தது? ஒருநாளில் அழிந்ததன்று. புகார் தாழ்ந்தபின் கலை கோயிலைச் சார்ந்து வாழ்ந்தது. புகாரிலிருந்து தொலைவில்லாத சீர்காழியில் தோன்றிய ஞானசம்பந்தரின் பாடல்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு இசைத்தார். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பதிகம் பாட நாற்பத்தெண்மரையும், ஆடற்பணிக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் அமர்த்தியதைக் கல்வெட்டுக் கூறும். அக்கோயிலில் இராசராசேச்சுர நாடகத்தை வைகாசி விழாவில் நடிப்பதற்குக் கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் நூற்றிருபது கலம் நெல் அளிக்கப்பட்டதையும் கல்வெட்டால் அறிகிறோம். ஆடலில் சிறந்த மகளிர் தலைக்கோலி என்னும் பட்டம் பெற்றதும் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. புகார் அரங்கில் நின்ற தலைக்கோல் ஆயிரம் ஆண்டு கழித்தும் பெயரளவில் வாழ்ந்தது.

ஆனால் அரசு மாறியது, அவைமொழி மாறியது. பண்களின் பெயர் மறைந்து வேற்றுப்பெயர் ஏறியது. யாழ் வழக்கொழிந்தது. ஆடல்மகளிர் குடி இழிவுக்கு ஆளானது. அவர்தம் கலையைச் சுவைத்தோரே அவர்களைப் பழித்தனர். நூல்களும் அழிந்தன. அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநாடக நூல்கள் பல இறந்துபட்டன. அவர் துணைக்கொண்ட நூல்கள் ஐந்து. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதியம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்பன அவை. அவற்றுள்ளும் பஞ்சமரபு 1970-களிலேதான் அச்சேறியது. கானல்வரிக்கு அவர் எழுதிய உரை கிட்டவேயில்லை.

இந்நிலையிலும் மரபு முற்றும் அறவில்லை. சீர்காழியில் முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும் (1711–1779), தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் (1712–1787) தமிழிற் கீர்த்தனை பாடினர். அருணாசலக் கவிராயரின் இராமநாடகம் கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் இசைநாடகம். திருவாரூர் மூவர் பிறப்பதற்கு முன்பே தமிழில் எடுப்பும் தொடுப்பும் முடிப்பும் அமைந்த கீர்த்தனைகள் வழங்கின என்பதை மறக்கலாகாது. இவ்வாறிருந்தும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டுக் கச்சேரியின் கடைசியில் ஒன்றிரண்டு துக்கடாவாக ஒலிக்கும் நிலைக்குத் தாழ்ந்தது. தெலுங்குப் பாட்டின் சிறப்பை மறுக்க வேண்டுவதில்லை. அது தெலுங்கர்க்குத் தாய்மொழிச் செல்வம். தமிழ்மேடையில் தமிழுக்கு இடமில்லை என்பதே மானக்கேடு. அதனை மாற்றவே அண்ணாமலை அரசர் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கத்தை நிறுவினார்.

மீட்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கூர்ந்து நோக்குக. உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையொடும் அடியார்க்குநல்லார் உரையொடும் பதிப்பித்தார். அவர் இசைவாணர் ஒருவரின் மகன். ஏடு அச்சாயிற்று, ஆனால் அதன் இசை இன்னும் ஒலிக்கவில்லை. திண்டுக்கல்லில் ஆசிரியராயிருந்து, பின் தஞ்சையிற் குடியேறிச் சித்தமருத்துவம் செய்த ஆபிரகாம் பண்டிதர், தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் தமிழும் அறிந்தவர், பண்ணும் அறிந்தவர். ஈழத்தின் கீழைக்கரையிற் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியற் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். அரங்கேற்று காதையில் யாழாசிரியன் தகுதி கூறும் அடிகளை விளக்கப் புகுந்து, கணக்கும் இசையும் தமிழும் கூட்டி ஆய்ந்து, 1947-இல் யாழ் நூலை அரங்கேற்றினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். இயங்கும் இசை இருபத்து நான்கு அலகு என்றார் பண்டிதர். இருபத்திரண்டு என்றார் அடிகள். இருவரும் முரண்பட்டனர். ஆயினும் இருவர் முயற்சியும் பயன் தந்தது. ஏனெனில் இருவரும் ஏட்டையும் நரம்பையும் சேர்த்துப் பிடித்தவர்கள்.

நாடகத்திலும் இதுவே நிகழ்ந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1867-இல் பிறந்த சங்கரதாசு அடிகள் யாப்பறிந்த புலவர், இசையறிந்தவர், தாமே நடித்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களை எழுதி, சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவித்து, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய பாட்டுகள் சிற்றூர் மேடையில் நூற்றாண்டு கடந்து ஒலிப்பதற்குக் காரணம், புலவனும் இசைவாணனும் கூத்தனும் ஒரே ஆளாக நின்றமையே.

ஆகவே, வரலாறு கற்பிக்கும் பாடம் உள்ளங்கை நெல்லிக்கனி. ஆசான்மார் அறுவரும் கூடியிருந்த வரையில் கலை வாழ்ந்தது. அவர்கள் பிரிந்தபோது அழிந்தது. ஒருவருள்ளேனும் இருவர் மீண்டும் கூடியபோதெல்லாம் மீண்டது.

இன்று செய்ய வேண்டுவது என்ன? கல்லால் எழுப்பிய கலைக்கூடம் போற்றத்தக்கதே. ஆனால் கல் பாடாது, ஆடாது. ஒவ்வோர் ஊர்ப்பள்ளியிலும் தமிழாசிரியரும், அவ்வூரில் இசையறிந்த ஒருவரும் ஓர் அறையில் அமர்தல் வேண்டும். அவர் ஓதுவாராயினும் சரி, நாகசுரக் கலைஞராயினும் சரி, தெருக்கூத்து வாத்தியாராயினும் சரி. ஒருவர் அரங்கேற்று காதையின் அடியைப் பொருள்பிரித்துச் சொல்லல் வேண்டும். மற்றவர் அதனை ஒலியாக்கிக் காட்டல் வேண்டும். தமிழாசிரியர் கற்பிப்பவராக மட்டும் அன்றிக் கற்பவராகவும் அங்கே அமர்தல் வேண்டும். ஏழு பாலையின் தமிழ்ப்பெயரை மாணவர் நாவிற் பதித்தல் வேண்டும். பள்ளி வெளியில் மூங்கிற்கோல் ஒன்றால் ஏழும் எட்டும் அளந்து, கயிறு கட்டி, அவ்வெல்லைக்குள் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் விடுதல் வேண்டும். இதற்கு அரசாணை வேண்டுவதில்லை, பெரும்பொருள் வேண்டுவதில்லை, இரண்டு ஆசிரியர்கள் தம்முள் பேசிக்கொண்டால் போதும்.

சித்திரை முழுநிலவன்று புகாரில் இந்திரவிழாத் தொடங்கியதாகக் காப்பியம் கூறும். அந்நாளில் தமிழ்நாட்டின் பள்ளிகள் விடுமுறைக்குள் செல்லும், மன்றங்களோ விழாவெடுக்கும். வருகின்ற சித்திரையில் கண்ணகி கற்பைப் பற்றிப் பேச நூறு பேச்சாளர் வருவர், வரட்டும். ஒரு மன்றமேனும் அன்று ஓர் ஆர்மோனியப் பெட்டியை அவையில் வைத்து, வெண்கட்டைகளில் செம்பாலை முதல் மேற்செம்பாலை வரை ஏழையும் இசைத்துக் காட்டட்டும். ஒரு மன்றமேனும் பதினான்கடியும் பதினாறடியும் அளந்த அரங்கில், தூணின் நிழல் விழாமல் விளக்கேற்றி, ஒரு சிறுமியை வலக்கால் முன்வைத்து ஏறச் செய்யட்டும். அவளுக்குப் பின்னே கொட்டுவோனும் தமிழறிந்தவனாக நிற்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க முத்தமிழ்!